கடலுக்குள் போன வாத்தியார்

(இயந்திரவியல் துறை, இரண்டாமாண்டு)

கப்பலோட்டிய தமிழன் யார் என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட வ.உ.சி. என்று சொல்லிவிடும். கடலுக்கு மேலே ஓடுகிற கப்பல் சரி. கடலுக்குள்ளே ஓடுகிற நீர்மூழ்கிக் கப்பலை உருப்படியாக ஓட வைத்தவர் யார்? அவர் மாலுமி அல்ல. கடற்படை அதிகாரி அல்ல. பணக்காரரும் அல்ல. தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பள்ளிக்கூட வாத்தியார்! பெயர் ஜான் பிலிப் ஹாலந்து.

அவருக்கு முன்பே நீருக்குள் போகப் பலர் முயன்றிருக்கிறார்கள். கையால் சுற்றி ஓட்டிய படகுகள்கூட உண்டு. ஆனால் மேலே வரும்போது எண்ணெய் இன்ஜின், கீழே போகும்போது பேட்டரியும் மின் மோட்டாரும் என்ற அமைப்பை ஒரே கூட்டுக்குள் அடக்கி, கடற்படை காசு கொடுத்து வாங்கும்படி செய்து காட்டியவர் இவர்தான். இரண்டு உலகப் போர்களிலும் ஓடிய நீர்மூழ்கிகள் இந்த வழியில்தான் ஓடின. இன்றைக்கு அருங்காட்சியகங்களில் நிற்கும் பழைய போர் நீர்மூழ்கிகளில் பெரும்பாலானவையும் இந்த வகைதான்.

அவருடைய வாழ்க்கையை எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அவர் தன் முதல் கப்பலைச் செய்தது நம்ம திருப்பூர் மாதிரியான ஒரு துணி ஊரில். இரண்டாவது காரணத்தைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். அதுவும் நம்ம ஊர் சாயப்பட்டறை சம்பந்தப்பட்டதுதான்!

பஞ்சத்தில் வளர்ந்த பிள்ளை

1841-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி அயர்லாந்தின் மேற்குக் கரையில் லிஸ்கேனர் என்ற சின்னக் கடலோர ஊரில் ஹாலந்து பிறந்தார். அப்பா கடலோரக் காவல் பணியில் இருந்தவர். வீட்டில் பேசியது ஐரிஷ் மொழி. ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடம் போன பிறகுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்துவிட்டு பாலிடெக்னிக்கில் முதல் செமஸ்டர் புத்தகத்தைப் பிரித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் படித்தவர்கள் இல்லை. அதனால் ஹாலந்தின் இந்தச் செய்தி எனக்குப் பெரிய தெம்பைக் கொடுத்தது.

அவருக்கு நான்கு வயது இருக்கும்போது அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. 1845-ல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்துப்போனார்கள். ஏறக்குறைய அதே அளவு மக்கள் கப்பலேறி நாட்டை விட்டே போனார்கள். நம்ம கொங்கு நாட்டில் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, அந்த மாதிரி. அப்போது அயர்லாந்தை ஆண்டதும் நம்மை ஆண்ட அதே ஆங்கிலேயர்கள்தான். ஜனங்கள் பட்டினி கிடக்க, அங்கிருந்து தானியம் கப்பலில் வெளியே போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை மனதில் என்ன இருக்கும்? ஆங்கிலேயரின் பலமே கப்பல் படைதான். அதை அடிக்க வழி உண்டா என்ற நினைப்பு சின்ன வயதிலேயே அவரைப் பற்றிக்கொண்டது.

கடலுக்குப் போக ஆசை. ஆனால் கண்பார்வை மங்கல். எனவே 1858-ல் கிறிஸ்தவ சகோதரர் சபையில் சேர்ந்து ஆசிரியர் ஆனார். 1862-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரண்டு இரும்புக் கவசக் கப்பல்கள் மோதிக்கொண்ட செய்தி உலகமெங்கும் பரவியது. இனி மரக்கப்பலுக்குக் காலம் இல்லை என்று எல்லோரும் பேசினார்கள். இரும்புக் கப்பலையும் அடியிலிருந்து அடிக்கலாமே என்று யோசித்தார் நம்ம வாத்தியார். பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தில் படம் வரைந்தார்.

பட்டு நகரத்தில் பிறந்த கப்பல்

உடல்நலம் கெட்டு, சபையை விட்டு விலகி, 1873-ல் அமெரிக்கா போனார். பாஸ்டன் நகரத் தெருவில் பனியில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த அந்த நாட்களில் பழைய படங்களை எடுத்து மறுபடியும் திருத்தினார். வேறு யாராவது என்றால் விதியை நொந்திருப்பார்கள். அவருக்கு அது ஓவர்டைம் போல ஆயிற்று!

பிறகு நியூஜெர்சி மாநிலத்தில் பேட்டர்சன் என்ற ஊரில் ஆசிரியர் வேலை கிடைத்தது. பசாய்க் ஆற்றின் அருவி நீரை வைத்து ஆலைகள் வளர்ந்த ஊர் அது. பட்டு நெசவாலைகளும் சாயப்பட்டறைகளும் நிறைந்து கிடந்ததால் பட்டு நகரம் என்றே அதற்குப் பெயர். நம்ம ஊரை டாலர் சிட்டி என்கிறோமே, அதுபோல. துணி ஆலை இருக்கிற ஊரில் லேத் பட்டறை இருக்கும், பவுண்டரி இருக்கும், கைத்தொழில் தெரிந்த ஆள் இருப்பார்கள். ஒரு கண்டுபிடிப்பாளனுக்கு வேறென்ன வேண்டும்?

1875-ல் தன் திட்டத்தை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். நடக்காத காரியம் என்று தள்ளிவிட்டார்கள். கை கொடுத்தது யார் தெரியுமா? அமெரிக்காவில் பிழைக்கப் போன ஐரிஷ் மக்கள். தாய்நாட்டு விடுதலைக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த நிதியிலிருந்து பணம் தந்தார்கள். 1878-ல் சுமார் நாலேகால் மீட்டர் நீளத்தில், ஒரே ஒரு ஆள் உட்காரும் அளவில் முதல் படகு தயாரானது. பசாய்க் ஆற்றில் இறக்கிய அன்றே மூழ்கிவிட்டது. எடுத்துச் சரிசெய்தார். எண்ணெய் இன்ஜின் ஓடவில்லை. பக்கத்தில் ஒரு நீராவிப் படகை ஓட்டச் சொல்லி, அதிலிருந்து ரப்பர்க் குழாய் வழியாக நீராவி எடுத்து ஓட்டிக் காட்டினார். கிணற்று மோட்டார் ரிப்பேரானால் பக்கத்துத் தோட்டத்தில் ஒயர் இழுத்து ஓட்டுவோமே, அந்த வேலைதான்! சோதனை முடிந்ததும் தேவையான பாகங்களைக் கழற்றிக்கொண்டு, வெறும் கூட்டை ஆற்றிலேயே அமிழ்த்திவிட்டார்.

களவு போன கிடா

அடுத்த கப்பலை 1881-ல் நியூயார்க்கில் கட்டினார். சுமார் ஒன்பதரை மீட்டர் நீளம், மூன்று பேர் போகலாம். ஐரிஷ் புரட்சிக்காரர்களை பீனியன்கள் என்பார்கள். அவர்கள் பணத்தில் கட்டியதால் பீனியன் ராம் என்று அதற்குப் பெயர் வந்தது. ராம் என்றால் முட்டுகிற ஆட்டுக்கிடா.

இந்தக் கப்பலில்தான் அவருடைய முக்கியமான யோசனை வேலை செய்தது. முன்னால் முயன்றவர்கள் பலர் தண்ணீரை உள்ளே ஏற்றி, கனத்தைக் கூட்டி, கல் மாதிரி கீழே இறங்கப் பார்த்தார்கள். எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஹாலந்து வேறு மாதிரி யோசித்தார். கொஞ்சம் மிதக்கும் தன்மை எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். துடுப்பு போன்ற தகடுகளைத் திருப்பி, மீன் மூக்கைத் தாழ்த்திப் பாய்கிற மாதிரி வேகத்தில் கீழே போக வேண்டும். இன்ஜின் நின்றுபோனால் தானாக மேலே வந்துவிடும். எவ்வளவு எளிமை!

ஆனால் பணம் கொடுத்தவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. 1883 நவம்பரில் ஓர் இரவு அவர்களில் ஒரு கூட்டம் ஹாலந்துக்கே தெரியாமல் கப்பலைக் கட்டி இழுத்துக்கொண்டு நியூஹேவன் என்ற ஊருக்குப் போய்விட்டது. கூடவே இழுத்த சிறிய மாதிரிப் படகு வழியிலேயே மூழ்கியது. கொண்டு போனவர்களுக்குக் கிடாவை ஓட்டவும் தெரியவில்லை. ஒரு கொட்டகையில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அதோடு அவர்கள் உறவை ஹாலந்து முறித்துக்கொண்டார். நாற்பத்திரண்டு வயது. கையில் கப்பலும் இல்லை, காசும் இல்லை.

வெற்றியும் ஏமாற்றமும்

அதற்கப்புறமும் பன்னிரண்டு வருடம் அலைந்தார். 1895-ல்தான் அமெரிக்கக் கடற்படை ஒப்பந்தம் கொடுத்தது. அதிலும் நீராவி இன்ஜின்தான் வேண்டும் என்று அதிகாரிகள் பிடிவாதம். மூடிய இரும்புக் கூட்டுக்குள் பாய்லர் எரிந்தால் மனிதன் இருக்க முடியுமா? அந்தக் கப்பல் உருப்படாது என்று தெரிந்ததும் தன் விருப்பப்படி இன்னொன்றைத் தனியே கட்டினார். அது அவருடைய ஆறாவது படைப்பு. 1897 மே 17-ல் நீரில் இறக்கினார்கள். சுமார் 16 மீட்டர் நீளம். மேலே பெட்ரோல் இன்ஜின், கீழே பேட்டரி.

அதே வருடம் அக்டோபரில் ஒரு சோதனை. தொழிலாளி ஒருவர் வால்வைத் திறந்தபடி விட்டுவிட, துறையில் நின்ற கப்பல் மூழ்கிப்போனது. பதினெட்டு மணி நேரம் உப்புத் தண்ணீரில் கிடந்தது. மோட்டார் சுருளெல்லாம் நனைந்து போயிற்று. அடுப்புச் சூட்டில் காய வைத்துப் பார்த்தும் பலனில்லை. கடைசியில் மின்சாரத்தையே உள்ளே செலுத்தி, அந்தச் சூட்டில் உலர்த்திச் சரிசெய்தார்கள். உப்புக்கும் நீர்மூழ்கிக்கும் உள்ள பகை அன்றே தொடங்கிவிட்டது!

1898 மார்ச் 17-ல் அந்தக் கப்பல் வெற்றிகரமாக மூழ்கி எழுந்தது. 1900 ஏப்ரல் 11-ல் அமெரிக்கக் கடற்படை ஒன்றரை லட்சம் டாலருக்கு வாங்கியது. ஹாலந்து என்ற பெயரோடு அது அந்த நாட்டுக் கடற்படையில் முறைப்படி சேர்ந்த முதல் நீர்மூழ்கி ஆனது.

கதை இங்கே முடிந்திருந்தால் சினிமா மாதிரி இருந்திருக்கும். வாழ்க்கை அப்படி இல்லையே! முதலீடு போட்டவர்கள் எலக்ட்ரிக் போட் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். ஹாலந்தின் காப்புரிமைகள் கம்பெனி கைக்குப் போயின. அவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஆளாகிவிட்டார். 1904-ல் விலகித் தனியாகத் தொழில் தொடங்கப் பார்த்தபோது வழக்கு மேல் வழக்குப் போட்டு மடக்கினார்கள். இன்னொரு வேடிக்கை. யாரை அடிப்பதற்காகக் கண்டுபிடித்தாரோ அந்த ஆங்கிலேயர்களே உரிமம் வாங்கி, 1901-ல் அவருடைய வடிவத்தில்தான் தங்கள் முதல் நீர்மூழ்கியைக் கட்டினார்கள். அதற்கு ஹாலந்து-1 என்று பெயரும் வைத்தார்கள்!

1914 ஆகஸ்ட் 12-ல் நியூவார்க் நகரில் ஹாலந்து இறந்தார். முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு வாரமே ஆகியிருந்தது. அடுத்த மாதம் செப்டம்பர் 22 காலையில் ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. 1459 பேர் மாண்டார்கள். அன்றைய இரவுதான் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது. எம்டன் நீர்மேல் ஓடும் கப்பல், அது வேறு. ஆனால் கடல் எவ்வளவு பயங்கரமாகிவிட்டது என்பதை உலகமும் நம்ம சென்னையும் ஒரே நாளில் பார்த்துவிட்டன. வாத்தியார் அதைப் பார்க்கவில்லை.

எடைக்குப் போனதும் நின்றதும்

மனிதர் போய்விட்டார். அவர் செய்த கப்பல்கள் என்ன ஆயின? இங்கேதான் எனக்கு மனம் கனத்தது.

ஒன்றரை லட்சம் டாலருக்கு வாங்கிய அந்த வெற்றிக் கப்பலை 1913-ல் வெறும் நூறு டாலருக்குப் பழைய இரும்பாக விற்றார்கள். கொஞ்ச காலம் பூங்காவில் வேடிக்கைப் பொருளாக நின்று, 1930-களில் உடைபட்டுப் போனது. ஆனால் ஓடாத இன்ஜினோடு ஆற்றில் கிடந்த முதல் படகை 1927-ல் வெளியே எடுத்தார்கள். களவு போன கிடாவை 1916-ல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்து, அயர்லாந்துக் கிளர்ச்சியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்டினார்கள். பிறகு அதுவும் 1927-ல் பேட்டர்சன் வந்து சேர்ந்தது. இன்று இரண்டும் அந்த ஊர் அருங்காட்சியகத்தில், பழைய ரயில் இன்ஜின் தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் இருக்கின்றன. ஜெயித்தது எடைக்குப் போச்சு. தோற்றது நின்னு போச்சு. காரணம் ஒன்றுதான். ஒரு தொழில் ஊர் தன் வாத்தியாரின் வேலையைத் தன்னுடையதென்று நினைத்தது.

உப்பு தின்றதும் சோடா காத்ததும்

பிரிட்டனின் ஹாலந்து-1 கதைதான் நான் முதலில் சொன்ன இரண்டாவது காரணம். 1913-ல் அதை உடைக்க விற்று, கடலில் இழுத்துப் போகும்போது மூழ்கிவிட்டது. 1981-ல் கண்டுபிடித்து, 1982-ல் தூக்கி எடுத்தார்கள். துருவைச் சுரண்டி, மருந்து பூசி, காஸ்போர்ட் ஊரில் உள்ள நீர்மூழ்கி அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். பத்து வருடத்தில் கப்பல் மறுபடி உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு வந்தது!

ஏன்? எழுபது வருடம் கடலில் கிடந்த இரும்பின் துளைகளுக்குள் உப்பின் குளோரைடு புகுந்து உட்கார்ந்திருந்தது. மேலே எவ்வளவு பெயின்ட் அடித்தாலும், காற்றும் ஈரமும் பட்டால் உள்ளே அது வேலையைக் காட்டும். கடைசியில் 1995-ல் கப்பலைச் சுற்றி கண்ணாடியிழைத் தொட்டி கட்டி, முழுக் கப்பலையும் சோடியம் கார்பனேட் கரைசலில் ஊறப் போட்டார்கள். நான்கு வருடம்! காரத் தன்மையில் புதுத் துரு பிடிக்காது. உள்ளே இருக்கும் குளோரைடு மெல்ல மெல்ல வெளியே கரைந்து வரும். பிறகு எடுத்துச் சீர்செய்தார்கள். 2001-ல் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் தனிக் கட்டடத்தில் வைத்தார்கள். இன்றும் நல்லபடியாக இருக்கிறது.

சோடியம் கார்பனேட் என்றால் என்ன? நம்ம சோடா ஆஷ்! சாயப்பட்டறையில் மூட்டை மூட்டையாக இறங்குமே, அதேதான். எங்கள் அப்பா சாயப்பட்டறைத் தொழிலாளி. உப்பு சாயத்தைத் துணிக்குள் தள்ளும், சோடா அதைப் பிடித்து நிறுத்தும் என்பது அவருக்கு அனுபவப் பாடம். உப்புத் தண்ணீர் பட்டால் எவர்சில்வர் மெஷின்கூட ஊசி குத்தின மாதிரி பொத்தலாகும் என்பதும் தெரியும். உலகத்தின் ஒரு மூலையில் வரலாற்றுக் கப்பலைக் காப்பாற்றிய ரசாயனம் எங்கள் வீட்டுச் சோற்றுக்கும் வழி செய்கிறது என்று படித்த அன்று, எனக்கு எங்கள் அப்பா தொழில் மேல் மரியாதை இன்னும் கூடியது.

நம் நாட்டில்

இப்படிக் காத்து வைத்த கப்பல் நம் நாட்டிலும் உண்டு. விசாகப்பட்டினத்தில் ராமகிருஷ்ணா கடற்கரையில் நிற்கிறது குர்சுரா. அன்றைய சோவியத் யூனியனில் கட்டி, 1969 டிசம்பர் 18-ல் நம் கடற்படையில் சேர்ந்தது. 1971 போரில் அரபிக் கடலில் ரோந்து போனது. 2001 பிப்ரவரி 27-ல் ஓய்வு. 91 மீட்டர் நீளமுள்ள அந்த இரும்பு மலையைக் கடலிலிருந்து கரைக்கு இழுத்து, கான்கிரீட் அடித்தளத்தில் நிறுத்தி, 2002 ஆகஸ்டில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

கல்லூரிச் சுற்றுலாவில் நான் அதற்குள் போனேன். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வட்டமான ஓட்டை. குனிந்து, காலை முதலில் விட்டு, அப்புறம் தலையை நுழைக்க வேண்டும். டார்பிடோ குண்டுக்குப் பக்கத்திலேயே படுக்கை. டீசல் இன்ஜின், பேட்டரி, மோட்டார் எல்லாம் வாத்தியார் போட்ட அதே கணக்கு. எழுபத்தைந்து பேர் இதற்குள் எப்படி மூச்சு விட்டார்கள் என்று நினைத்தாலே வியர்த்தது. ஓய்வுபெற்ற கடற்படை வீரர்களே கூட்டிப் போய் விளக்குகிறார்கள். புத்தகத்தில் நூறு பக்கம் படித்தாலும் இது வராது. ஆனால் ஒன்று. கடற்காற்று இருபத்து நாலு மணி நேரமும் உப்பை வீசிக்கொண்டே இருக்கிறது. தகட்டைப் பார்ப்பதும் மாற்றுவதும் பெயின்ட் அடிப்பதும் ஓயாத வேலை. கப்பலைக் கரையில் ஏற்றிவிட்டால் போதாது. தினமும் காக்க வேண்டும்.

சிகாகோவில் இருக்கும் யு-505 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியும் இதையே சொல்கிறது. 1944-ல் போரில் பிடிபட்ட அது 1954-ல் அருங்காட்சியகத்துக்கு வந்தது. ஐம்பது வருடம் வெயிலிலும் பனியிலும் நின்று நலிந்தது. 2004-ல் நிலத்தடியில் ஒரு கூடமே கட்டி உள்ளே கொண்டுபோனார்கள்.

நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது. குர்சுராவின் தங்கை மாதிரியான வாக்லி 36 ஆண்டுகள் உழைத்து 2010 டிசம்பரில் ஓய்வுபெற்றது. அதை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகம் ஆக்கத் திட்டம் போட்டார்கள். கைகூடவில்லை. கல்லில் தேர் செய்து ஆயிரத்து முந்நூறு வருடமாய்க் காக்கிற ஊரில் இரும்பில் ஒன்று நிற்கக் கொடுத்து வைக்கவில்லை!

நண்பர்களே! ஒரு பொருளைச் செய்வது பாதி இன்ஜினியரிங். காப்பது மீதிப் பாதி. ஹாலந்தின் வாழ்க்கை முதல் பாதியைக் கற்றுத் தருகிறது. அவர் கப்பல்களின் வாழ்க்கை இரண்டாவது பாதியைக் கற்றுத் தருகிறது.

நம்ம ஊரில் கையால் சுற்றிய பனியன் மெஷின்கள் இருந்தன. பழைய தையல் மெஷின்களும் வின்ச்சுகளும் இருந்தன. இந்த ஊரை ஊராக்கிய அவையெல்லாம் கிலோ கணக்கில் இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நீர்மூழ்கியை வாங்கி வைக்க நம்மால் முடியாது. ஒரே ஒரு பழைய பனியன் மெஷினை எடைக்குப் போகும் முன் கேட்டு வாங்கி, துரு நீக்கி, எண்ணெய் போட்டு, ஓட வைத்து, நம் ஒர்க்‌ஷாப் மூலையில் நிறுத்த முடியாதா? மெக்கானிக்கல் பையன்கள் ரிப்பேர் பார்க்கலாம். டெக்ஸ்டைல் பையன்கள் நூல் கோக்கலாம். அதை ஓட்டிய பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்து பாடம் கேட்கலாம். குர்சுராவில் ஓய்வுபெற்ற வீரர்கள் செய்வது அதுதானே? அடுத்த ஆண்டு மலர் வருவதற்குள் மாணவர் மன்றம் இதை எடுத்துச் செய்யட்டும். முதல் நாள் மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் கொண்டு வந்து துரு தேய்க்க நான் தயார். நீங்கள்?